'பீப்' சத்தத்துக்குப் பின்னால்... தொடாமல் படிக்கும் அட்டையின் கதை

ஆலங்காயத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒரு 'ஸ்மார்ட் கார்டு' இருக்கிறது என்பார்கள். ரேஷன் கார்டுதான். 2017 ஏப்ரலில் தமிழக அரசு பழைய காகிதக் குடும்ப அட்டையை மாற்றி, பிளாஸ்டிக்கில் கொடுக்க ஆரம்பித்தது. பெயர் ஸ்மார்ட் கார்டு. ஆனால் அதைக் கிழித்துப் பார்த்தால் (கிழிக்க வேண்டாம், அம்மா அடிப்பார்கள்!) உள்ளே சிப்பும் கிடையாது, கம்பியும் கிடையாது. மேலே அச்சடித்த ஒரு க்யூஆர் கோடு மட்டும்தான். கடைக்காரர் கையில் இருக்கும் கருவி அதைப் படம் பிடித்துப் படிக்கிறது. அவ்வளவுதான் அதன் 'ஸ்மார்ட்'.

நிஜமாகவே உள்ளே சிப் வைத்த, எதையும் உரசாமல் காட்டினாலே 'பீப்' என்று ஏற்றுக்கொள்ளும் அட்டைகள் வேறு ஜாதி. சென்னை மெட்ரோவில் காட்டுகிறார்களே, அது. ஹாஸ்டல் கதவில், ஐ.டி. கம்பெனி வாசலில், சிங்கப்பூர் பஸ்ஸில் காட்டுவதும் அதுவே. அந்த அட்டை எங்கிருந்து வந்தது, அதைப் படிக்கும் கருவி எப்படி சில நூறு ரூபாய்க்குக் கல்லூரி மாணவர் கைக்கு வந்தது, இடையில் அதன் பூட்டு எப்படி உடைந்தது என்பது சுவாரசியமான கதை. துப்பறியும் கதைக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

முதலில் அது வேலை செய்யும் விதம். அந்த அட்டைக்குள் பேட்டரி இல்லை. விளிம்பை ஒட்டி சில சுற்று மெல்லிய கம்பிச் சுருளும், அதன் முனையில் கடுகளவு சிப்பும் இருக்கும். படிக்கும் கருவி விநாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை (அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ்) மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அட்டை பக்கத்தில் வந்ததும் அதன் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. சிப் விழித்துக்கொள்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் படித்த ஃபாரடே விதிதான், டிரான்ஸ்ஃபார்மர்தான்!

சரி, சிப் எப்படிப் பதில் சொல்கிறது? அதனிடம் தனியாக ரேடியோ எதுவும் கிடையாது. அது செய்வது ஒரு சின்னத் தந்திரம். கிராமத்தில் பக்கத்துத் தோட்டத்தில் பம்ப்செட் போட்டால் நம் வீட்டு பல்பு சற்று மங்குகிறதே, அதே சங்கதி. சிப் தன் பக்கம் ஒரு சுமையைப் போட்டும் எடுத்தும் விளையாடுகிறது. அந்த ஏற்ற இறக்கம் கருவியின் சுருளில் துளியளவு தெரிகிறது. மங்கினால் ஒன்று, மங்காவிட்டால் சுழியம் என்ற மாதிரி கருவி அதைப் படித்துக்கொள்கிறது. பத்து சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் இந்தப் பேச்சு நடக்கும். ஆலங்காயத்துக்குப் பக்கத்திலேயே காவலூரில் மலைமேல் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் கோடானுகோடி மைல் தாண்டி வரும் மங்கலான ஒளியை அங்கே படிக்கிறார்கள். இந்தக் கருவி நாலு விரல்கடை தூரத்தில் நடக்கும் மங்கலைப் படிக்கிறது. தூரம் வேறு, இரைச்சலுக்கு நடுவில் சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் பாடு ஒன்றேதான்.

இந்த யோசனையின் மூதாதை ஒரு உளவுக்கருவி என்றால் நம்புவீர்களா? 1945 ஆகஸ்டில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். தூதர் அதைத் தன் மாளிகையில் மாட்டிவைத்தார். உள்ளே பேட்டரி இல்லாத ஒரு ஒட்டுக்கேட்கும் கருவி! வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் பாய்ச்சினால், அறையில் பேசும் பேச்சு அந்த அலையில் ஏறித் திரும்பி வரும். மற்ற நேரத்தில் அது வெறும் மரம். அதனால் 1952 வரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. செய்தவர் லியோன் தெரமின், அதே பெயர்கொண்ட இசைக்கருவியைக் கண்டுபிடித்தவர்தான். வெளியிலிருந்து வரும் சக்தியை வாங்கி அதிலேயே பதிலை ஏற்றி அனுப்புவது என்ற அடிப்படை அங்கேயே வந்துவிட்டது.

அடுத்து வந்தவர்கள் உளவாளிகள் இல்லை. அமெரிக்காவின் மரியோ கார்டுல்லோ, நினைவகம் வைத்த, பேட்டரி இல்லாத ஒரு கருவியை 1971ல் நியூயார்க் துறைமுக ஆணையத்திடம் செய்து காட்டினார். எதற்கு? சுங்கச்சாவடியில் வண்டி நிற்காமல் போக! 1973 ஜனவரியில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. நம் ஊரில் வாணியம்பாடி சுங்கச்சாவடி உட்பட தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் எல்லா வரிசைகளிலும் ஃபாஸ்டாக் கட்டாயமானது 2021 பிப்ரவரி நடுவில். ஒரு யோசனை நியூயார்க்கிலிருந்து வாணியம்பாடிக்கு வர ஐம்பது வருஷம் பிடித்திருக்கிறது. (ஃபாஸ்டாக் வேறு அலைவரிசை, பல மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கும். ஆனால் பங்காளி குடும்பம்தான்.)

அதே 1973ல் சார்லஸ் வால்டன் என்பவர் கதவைத் திறக்கும் ரேடியோ அட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உலகமே சொல்லும் 'ஆர்எஃப்ஐடி' என்ற பெயர் 1983ல் அவர் வாங்கிய காப்புரிமையில்தான் வருகிறது. பிரான்சில் ரோலாண்ட் மொரேனோ 1974ல் சிப் வைத்த அட்டைக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். ஆனால் அது தங்கநிறத் தகடு தெரிய, கருவிக்குள் செருகவேண்டிய வகை. டெலிபோன் பூத்துக்கு சரி. காலை எட்டரை மணி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு யார் செருகுவது? வியர்வை, தூசி, தேய்மானம் வேறு.

இந்த இரண்டு ஓடைகளும் சேர்ந்த இடம் ஆஸ்திரியா. மிக்ரான் என்ற சிறிய கம்பெனி 1994ல் மைஃபேர் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. கம்பெனிப் பெயரின் முதல் பாதியையும், பஸ் கட்டணத்துக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிய பெயர். பிறகு பிலிப்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2006ல் பிலிப்ஸின் சிப் பிரிவு தனியாகப் பிரிந்து என்எக்ஸ்பி ஆனது. மைஃபேர் அட்டையில் மொத்தமே 1024 பைட். அதை 16 அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு சாவி. ஒரு கல்யாணப் பத்திரிகை வாசகம் அடங்கும் அளவு இடம்தான். ஆனால் மீதித் தொகை எவ்வளவு, எங்கே ஏறினார் என்று எழுத அது போதும்.

1996ல் தென்கொரியாவின் சியோல் நகரப் பஸ்களில் இது ஓட ஆரம்பித்தது. 1997 செப்டம்பர் 1 அன்று ஹாங்காங்கில் ஆக்டோபஸ் அட்டை வந்தது, அது சோனியின் ஃபெலிகா தொழில்நுட்பம். 2002 ஏப்ரலில் சிங்கப்பூர் பழைய காந்தப்பட்டை அட்டையை விட்டுவிட்டு இஸி-லிங்க்குக்கு மாறியது. அங்கே வேலைக்குப் போன நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் முதல் 'பீப்' அதுதான்! அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி மெட்ரோ திறந்தபோது வட்ட டோக்கனுக்குள்ளேயே சிப்பை வைத்துக் கொடுத்தார்கள். லண்டன் ஆய்ஸ்டர் 2003. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை சென்னை மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2015 ஜூன் 29.

இதில் காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அட்டையில் நூறு ரூபாய் போட்டுவிட்டு நாற்பது ரூபாய்க்குப் பயணம் செய்கிறோம். மீதி அறுபது யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடம். ஐந்தொகையில் அது பொறுப்புப் பக்கம் வரும், கம்பெனியின் வருமானம் ஆகாது. ஆனால் பணம் அதன் கையில்தான், வட்டியில்லாமல். ஒருவருக்கு அறுபது. பத்து லட்சம் பேருக்கு? ஆறு கோடி! டிக்கெட் கிழிக்கும் செலவு மிச்சம் என்று மட்டும் சொல்லி இந்த அட்டைகளை விற்பது பாதிக் கதைதான்.

இன்னொரு பாதி இன்னும் கசப்பானது. ஒவ்வொரு 'பீப்'பும் ஒரு பதிவு. எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு. 2010ல் ஹாங்காங்கில் பெரிய களேபரம் ஆனது. ஆக்டோபஸ் கம்பெனி சலுகைத் திட்டத்தில் சேர்ந்திருந்த சுமார் 20 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்களை வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்து, நாலரை வருஷத்தில் 4.4 கோடி ஹாங்காங் டாலர் சம்பாதித்திருந்தது தெரியவந்தது. முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். தலைமை அதிகாரி பதவி விலகினார். பேருக்குப் பஸ் அட்டை, ஆனால் விற்கப்பட்டது அட்டை வைத்திருந்தவர்கள்!

இனி பூட்டு உடைந்த கதை. மைஃபேர் அட்டையின் ரகசியக் குறியீட்டு முறைக்கு கிரிப்டோ-1 என்று பெயர். சாவியின் நீளம் 48 பிட். அது எப்படி வேலை செய்கிறது என்று கம்பெனி யாருக்கும் சொல்லவில்லை. 'முறை தெரியாதவரை உடைக்க முடியாது' என்ற நம்பிக்கை. இத்தனைக்கும் 1883லேயே கெர்க்ஹாஃப்ஸ் என்ற மொழிப் பேராசிரியர் இதற்கு எதிரானதை எழுதிவைத்துவிட்டார். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி ஒன்று மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், அதுதான் நல்ல பூட்டு என்பது அவர் கட்சி.

2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளோட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் மேடை ஏறினார்கள். அவர்கள் செய்தது இதுதான்: அட்டையைக் கரைத்து, உள்ளே இருந்த சிப்பை வெளியே எடுத்து, அடுக்கு அடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து, சர்க்யூட்டையே கண்ணால் படித்துவிட்டார்கள்! ரகசியம் என்று நினைத்தது சிப்பின்மேலேயே வரைந்திருந்தது. சீரற்ற எண் என்று சிப் உண்டாக்கியது வெறும் 16 பிட், அதுவும் மின்சாரம் வந்து எத்தனை நேரம் ஆனது என்பதைப் பொறுத்தது. நேரத்தைக் கட்டுப்படுத்தினால் 'சீரற்ற' எண்ணையும் கட்டுப்படுத்தலாம்.

அடுத்த சில மாதங்களில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்துக் குழு முறை முழுவதையும் பிரித்து மேய்ந்து கட்டுரை எழுதியது. நெதர்லாந்து அப்போது நாடு முழுவதுக்கும் பொதுவான பயண அட்டையை இதே சிப்பில் கொண்டுவந்துகொண்டிருந்தது. என்எக்ஸ்பி நீதிமன்றம் போனது, கட்டுரையை வெளியிடத் தடை கேட்டது. 2008 ஜூலை 18 அன்று ஆர்னெம் நீதிமன்றம் தடை தர மறுத்தது. கருத்துச் சுதந்திரம் ஒரு காரணம். குறையுள்ள சிப்பைச் செய்து விற்றதால்தான் நஷ்டம், குறையைச் சொன்னதால் இல்லை என்பது இன்னொரு காரணம். அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது. அதன்பின் சாதாரணக் கம்ப்யூட்டரில் சில நொடிகளில் சாவியை எடுக்கும் நிலை வந்துவிட்டது. வழக்குப் போட்டதால் உலகத்துக்கே விஷயம் தெரிந்துபோனதுதான் கம்பெனிக்குக் கிடைத்த லாபம்.

இத்தனை நாளும் படிக்கும் கருவி கம்பெனிகளிடமும் ஆராய்ச்சிக்கூடங்களிடமும்தான் இருந்தது. அது மாறியது 2012ல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க வரும் மாணவர்களுக்கு வர வர ப்ரோகிராமிங் அனுபவமே இல்லை என்று எபென் அப்டனும் நண்பர்களும் கவலைப்பட்டார்கள். உடைந்தாலும் வீட்டில் திட்டாத விலையில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ராஸ்பெர்ரி பை செய்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஏடிஎம் அட்டை அளவில் ஒரே போர்டு. அதன் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள்தான் முக்கியம். முதலில் 26, 2014 முதல் 40. அதில் எதை வேண்டுமானாலும் இணைக்கலாம். இன்னொரு பக்கம், அதே என்எக்ஸ்பியின் ஆர்சி522 என்ற படிக்கும் சிப்பை வைத்து சீனாவில் செய்த நீலநிற போர்டுகள், ஒரு வெள்ளை அட்டையும் ஒரு சாவிக்கொத்து வில்லையும் சேர்த்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்க ஆரம்பித்தன. பாலிடெக்னிக்கிலும் இன்ஜினியரிங் கல்லூரியிலும் 'வருகைப்பதிவு ப்ராஜெக்ட்' என்றொரு இனமே இதிலிருந்து பிறந்தது!

அதை அமைப்பது பெரிய வித்தை இல்லை. போர்டில் எட்டு பின், அதில் ஏழைத்தான் இணைக்கவேண்டும், குறுக்கீட்டுக்கான ஐஆர்க்யூ சும்மா இருக்கலாம். மின்சாரம் பையின் 1வது பின்னிலிருந்து, தரைக்கம்பி 6வது பின்னுக்கு. எஸ்டிஏ 24, எஸ்சிகே 23, மோசி 19, மிசோ 21, ரீசெட் 22. இதில் உயிர்நாடி 1வது பின்தான். அது 3.3 வோல்ட். நேர் எதிரே 2வது பின் 5 வோல்ட். கை தவறி அதில் செருகினால் சிப் கைலாசம் போய்விடும். அடுத்து, பையில் எஸ்பிஐ என்ற பேச்சுவழி முதலில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அமைப்பு மெனுவில் போய் அதை இயக்கி, ஒருமுறை ரீபூட் செய்தால் 'ஸ்பைடெவ்' என்று ஒரு பெயர் சாதனப் பட்டியலில் தோன்றும். தோன்றவில்லையென்றால் மேலே போவதில் அர்த்தமில்லை. பிறகு பைத்தானில் இதற்கென்றே இருக்கும் நூலகத்தை நிறுவினால் பத்து வரியில் வேலை முடிந்தது. சிப்பின் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. ஹெக்ஸில் 91 அல்லது 92 வந்தால் நலம். வெறும் சுழியமோ எல்லாமே எஃப்போ வந்தால் பெரும்பாலும் எங்கோ ஒரு கம்பி ஆடுகிறது என்று அர்த்தம். பின்களைச் சால்டர் செய்யாமல் வெறுமனே செருகி வைத்தால் இப்படித்தான். 2023ல் வந்த ராஸ்பெர்ரி பை 5ல் பின்களை ஆளும் சிப்பே மாறிவிட்டதால் பழைய நூலகங்கள் முரண்டு பிடிக்கும், புதிய மாற்று நூலகம் போடவேண்டும்.

அட்டையைக் காட்டியதும் திரையில் ஒரு எண் வரும். ப்ராஜெக்ட் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது: எண் வந்தால் மாணவர் வந்தார், கைதட்டல், சான்றிதழ். ஆனால் அந்த எண் ரகசியம் இல்லை. கேட்கிற எந்தக் கருவிக்கும் அட்டை அதைச் சொல்லிவிடும். அந்த எண்ணை விருப்பம்போல் மாற்றி எழுதக்கூடிய அட்டைகளும் சந்தையில் கிடைக்கின்றன. ஆக, எண்ணை மட்டும் நம்பும் வருகைப்பதிவு, வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்று நண்பனுக்காகக் குரல் மாற்றிச் சொல்வதைவிட ஒன்றும் பாதுகாப்பானதல்ல. அறைகளின் சாவியையாவது மாற்றினார்களா என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்த 'எஃப்' பன்னிரண்டு முறை என்ற சாவியே பல இடங்களில் அப்படியே இருக்கும்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்திய இ-பாஸ்போர்ட் ஒரு உதாரணம். 2008ல் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டிலுக்கு முதலாவது வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கு சென்னையில் 2025 மார்ச்சில் கொடுக்க ஆரம்பித்தார்கள். உள்ளே இருப்பது இதே 13.56 மெகாஹெர்ட்ஸ் ரகம்தான். ஆனால் உள்ளே அச்சடித்த பக்கத்தைத் திறந்து, அடியில் இருக்கும் வரிகளைப் படித்தால்தான் சிப்போடு பேசவே சாவி கிடைக்கும். பையில் மூடி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் நின்று யாரும் படித்துவிட முடியாது. முறை முழுவதும் உலகத்துக்குத் தெரிந்த முறை. கெர்க்ஹாஃப்ஸ் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இன்னொரு சிக்கல் மலைப்பக்கத்துக்கே உரியது. ராஸ்பெர்ரி பை 4 வரை எந்த மாடலிலும் சொந்தக் கடிகாரம் இல்லை. நெட்டிலிருந்துதான் நேரத்தைக் கேட்டு வாங்கும். கரண்ட் போய்த் திரும்ப வந்து, அப்போது சிக்னலும் இல்லையென்றால், அது கடைசியாக அணைந்த நேரத்திலிருந்தே எண்ண ஆரம்பித்துவிடும். காலை ஒன்பதரைக்கு வந்தவர் முந்தின நாள் மாலை வந்ததாகப் பதிவாகும்! சம்பளம் பிடிக்கப்படும் இடமாக இருந்தால் இது விளையாட்டில்லை. பட்டன் பேட்டரி வைத்த டிஎஸ்3231 கடிகார போர்டைச் சேர்த்தால் தீர்ந்தது. பை 5ல் கடிகாரம் உண்டு, பேட்டரி மட்டும் நாம் போடவேண்டும்.

சிக்னல் இல்லாத இடம் என்றதும் ரேஷன் கடை ஞாபகம் வருகிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தபின் கடையில் கைரேகையும் கேட்கிறார்கள். அதைச் சரிபார்க்க கருவி எங்கோ இருக்கும் சர்வரோடு பேசவேண்டும். ஜவ்வாது மலையின் ஒரு மடிப்பில் இருக்கும் கடையில் சிக்னல் போனால் வரிசை நிற்கும். காடு மேடு நடந்து வந்து, கூலி விட்டு நிற்கிறவர்களின் வரிசை அது. உழைத்துத் தேய்ந்த விரல் வேறு ரேகை காட்டாது. தேசியப் பொதுப் பயண அட்டையை வடிவமைத்தவர்கள் இந்தச் சங்கடத்தை யோசித்திருக்கிறார்கள். 2019 மார்ச்சில் அறிமுகமாகி, சென்னைக்கு 2023ல் 'சிங்காரச் சென்னை' அட்டையாக வந்து, 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பஸ்ஸிலும் செல்லும் அந்த அட்டையில், 2000 ரூபாய் வரை பணம் சிப்புக்குள்ளேயே எழுதி வைக்கப்படுகிறது. ஓடும் பஸ்ஸில் சிக்னலை நம்ப முடியாது என்பதால், கருவி யாரையும் கேட்காமல் அட்டையிலேயே கழித்துக்கொள்ளும். கணக்கு பிறகு சாவகாசமாக வங்கிக்குப் போகும்.

அதே ஏற்பாட்டில் ஒரு குடும்பத்தின் மாத அரிசி, சர்க்கரை, பாமாயில் அளவை சிப்பில் எழுதி, நல்ல சாவி போட்டுப் பூட்டி, மலைக்கடையில் சிக்னல் இல்லாமலே கழித்துக்கொள்ளத் தொழில்நுட்பத்தில் தடை ஏதும் இல்லை. சிப் அட்டைக்குக் கூடுதல் விலை உண்டு, தொலைந்தால் மாற்றிக் கொடுக்கும் வேலை உண்டு, கடையிலிருக்கும் கருவிகளையும் மாற்றவேண்டும். க்யூஆர் கோடு அச்சடிப்பது மலிவு. 2017ல் மலிவானதுதான் வந்தது, பெயர் மட்டும் ஸ்மார்ட் கார்டு என்று வந்தது.